முப்பத்துமூன்று மில்லிமீட்டர்

ஓடுகிறவன் வாயைத் திறந்துதானே ஓடுகிறான்,
என்ஜினுக்கும் அதுதான் என்றான் இரெனேயோ.
நான் மறுக்கவில்லை.
மறுக்க என் கையில் அப்போது
வெல்டிங் கண்ணாடியைத் தவிர ஒன்றுமில்லை.

இருபத்தெட்டாம் வருடத்துச் செவ்ரலே, நான்கு சிலிண்டர்.
தாந்தில் ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில்
முட்டைத் தட்டுகளுக்கு அடியில் கிடந்ததை
இரண்டு கன்றுகளுக்கு மாற்றி வாங்கினோம்.
கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே
யாரோ ஒரு கஞ்சன் செய்துவைத்த
வளைந்த பித்தளைக் குழாய்.
உள்விட்டம் முப்பது.
பிறவி மூக்கடைப்பு என்று சொல்லி
கழற்றி விறகுக் குவியல் பக்கம் எறிந்தான்.

முப்பத்தெட்டில் புதிதாக, நேராக, ஒன்று போட்டோம்.
கூட்டியது எட்டே மில்லிமீட்டர்,
என் சுண்டுவிரல் நகத்து அகலம்.
விட்டம் அவ்வளவு கூடினால்
காற்றின் வழி ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்
என்பது பள்ளியில் எனக்குத் தெரிந்திருந்தது.
பட்டறையில் தெரியவில்லை.

சமவெளியில் பறந்தது.
வேலிக்கம்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன,
மேய்கிற மாடுகள் பழுப்பு நிறக் கோடாயின.
இரெனேயோ தொப்பியைத் தொலைத்துவிட்டுச் சிரித்தான்.

பந்தயம் ஆனால் மேட்டில்.
குவாரிக்குப் போகும் சாலை, ஏழு கொண்டை ஊசி வளைவு.
ஒத்திகையில் முதல் வளைவில் வேகம் தணிந்ததும்
இருமியது.
கறுப்பாய்த் துப்பியது.
இரண்டாவதில் நின்றேவிட்டது.
பின்னால் வந்த பால் லாரிக்காரன்
என்னைப் பெயர் சொல்லித் திட்டினான்.
குழாயைக் கழற்றிக் கவிழ்த்தேன்,
ஒரு கரண்டி பெட்ரோல் என் செருப்பில் வழிந்தது.

ஜெட் மாற்றினோம். பிளக் மாற்றினோம்.
பெட்ரோலில் தண்ணீர் கலந்தாய் என்று
பங்க்காரனோடு சண்டைக்குப் போனோம்,
அந்த மனுஷன் இன்னும் எங்களுக்குக் காற்றடிப்பதில்லை.

சனிக்கிழமை இரவு இறைச்சி சுட உட்கார்ந்தோம்.
யூகலிப்டஸ் விறகு ஈரம். கரி பிடிக்கவில்லை.
இரெனேயோவின் மனைவி, என் தங்கை ஒஃபேலியா,
ஒரு மாதமாக எங்கள் இருவர்மேலும் கோபத்தில் இருந்தவள்,
கைக்கு வந்ததை எடுத்து ஊதினாள்.
வெட்டி மிஞ்சிய முப்பத்தெட்டுத் துண்டு.
சாம்பல் ஒருக்களித்துப் படுத்தது, அவ்வளவே.
இது குழாயா தொட்டியா என்று வீசினாள்.
அடுத்து அந்தப் பித்தளை.
அதே நெஞ்சு, அதே மூச்சு.
கரி கண் திறந்தது.

இரெனேயோ என்னைப் பார்த்தான்.
நான் கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இறைச்சியைத் திருப்ப ஆளில்லாமல் ஒரு பக்கம் கருகியது.

மெதுவாகச் சுற்றும்போது என்ஜின் கேட்பது
கொஞ்சம் காற்றுதான்.
அந்தக் கொஞ்சம், அகலத்தில் காலாற நடக்கிறது,
தூக்கிவந்த துளிகளைச் சுவரோரம் இறக்கிவைக்கிறது,
உள்ளே போய்ச் சேரும்போது வெறுங்கை.
ஒல்லியில் அது ஓடியாக வேண்டும்,
ஓடுகிறவனுக்குச் சுமை இறக்க நேரமில்லை.
அகலக்கால் வைத்தது நாங்கள்.
இருமியது அது.

முப்பதுக்கே திரும்பிவிடலாம் என்றேன்.
மூவாயிரம் சுற்றில் அது கழுத்தை நெரிக்குமே என்றான்,
அதுவும் உண்மைதான்.
நள்ளிரவில் டார்ச்சோடு வீடு முழுக்க அளந்தோம்,
நாற்காலி, திரைக்கம்பி, குடைக் காம்பு.
கடைசியில் என் கட்டிலின் ஒரு கால்:
வெளியே முப்பத்தெட்டு, உள்ளே முப்பத்துமூன்று.
அறுத்து, தேய்த்து, செருகினோம்.

ஏழு வளைவிலும் ஒரு இருமல் இல்லை.
உச்சிக்கு முந்தைய நேர்ச்சாலையில்
பாஸ்ஸிகளின் சிவப்பு வண்டி
வாயை முழுசாகத் திறந்துகொண்டு எங்களைக் கடந்தது.
அதை அதன் ஓட்டைச் சத்தத்திலேயே கண்டுகொண்டேன்.
இரண்டு பேர் ஏற்கெனவே முன்னால் போயிருந்தார்கள்.
நான்காவது.

முப்பத்துநான்கு போட்டிருந்தால் மூன்றாவது என்கிறான் இரெனேயோ.
முப்பத்திரண்டு என்கிறேன் நான்.
என் கட்டிலின் அந்த மூலையில் இன்னும் மூன்று செங்கல்.
அடுத்த வருடம் யார் கட்டில் என்று கேட்கிறாள் ஒஃபேலியா,
தன் அறைக் கதவைப் பூட்டியபடி.